ஐந்தாவது நிபந்தனை

“செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. எழுதிட்டீங்களா பாய்?” என்றார் அரசப்பன். காரைக்கால் நீதிமன்றத்தின் எதிரே ஒற்றை அறையில் ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்து கொடுக்கும் ஷகீல், திரையிலிருந்து கண்ணெடுக்காமல் தலையசைத்தார்.

அரசப்பன் கடலோரக் குப்பம் ஒன்றில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். கோட்டுச்சேரியிலுள்ள தம் சிறிய வீட்டை வாடகைக்கு விடும் பொருட்டு வந்திருந்தார். அவருடைய ஊர்ப் பஞ்சாயத்தைச் சேர்ந்த செல்லையன், சாட்சிக் கையெழுத்திடுவதற்காக அருகே அமர்ந்திருந்தார்.

குடியேறப் போகும் எழில்மதி சுவரோரமாக நின்றாள். ஏழு மாதக் கர்ப்பிணி. வேற்று மதத்தவனான பிரவினைக் கட்டிக்கொண்டவள். அந்த ஒரே காரணத்தால் ஆறு வீடுகள் கைவிட்டுப் போயிருந்தன. தங்கியிருந்த நண்பனின் அறையையும் மாத இறுதிக்குள் காலி செய்தாக வேண்டும். இந்த ஏழாவது வீடும் இல்லையென்றால் பிள்ளையோடு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“உக்காரும்மா” என்று ஷகீல் நாற்காலியைக் காட்டினார். அவள் செல்லையனை ஒருமுறை பார்த்தாள்.

“பரவால்லீங்க.”

“தகப்பனார் பேரு சொல்லும்மா.”

அவள் வாய் திறக்கும் முன்பே அரசப்பன் குறுக்கிட்டார். “கல்யாணம் ஆனதுக்கு அப்பன் பேரு எதுக்கு பாய்? கணவர் பிரவின்னு போடுங்க, போதும்.”

“சரி. அடுத்தது?”

“குடியிருக்கிறவங்க குப்பத்துல எங்க வீட்டுப் பக்கம் வரக் கூடாது. பண்டம் பாத்திரம், கைமாத்து, ஒண்ணும் கெடையாது.”

செல்லையன் தொடையைத் தட்டினார். “அப்புடிப் போடு! இப்புடிச் சேந்துகிட்டதுகளோட எங்க ஊருக்காரன் ஒரு சொம்பு தண்ணி பொழங்கக் கூடாது, பாய். மீறுனா அவன் படகு கடலுக்குப் போவாது. வாடகைக்கு விடுறது யாவாரம். அதனாலதான் பஞ்சாயத்துல ஒத்துக்கிட்டோம்.”

“நான் ஒரு டீ வாங்கிக் குடுக்கலாமா? இல்ல, அதுக்கும் ஊரக் கூட்டணுமா?”

“நீ குடு பாய். ஒன்ன யாரு கேட்டா?”

ஷகீல் சிரிக்கவில்லை. “வாடகைய ஃபோன்ல அனுப்பிடலாமுல்ல? அக்கவுண்ட் நம்பரச் சொல்லுங்க.”

“ஃபோனு கீனெல்லாம் வேணாம்” என்றார் அரசப்பன். “ஒண்ணாந்தேதி நானே நேர்ல வந்து வாங்கிக்குவேன். அஞ்சாவது நிபந்தனையா அதப் போடுங்க. நான் வர்றப்ப அந்தப் பொண்ணு வீட்ல இருக்கணும். உள்ள வந்து அடுப்படி, அரிசி டப்பா, தண்ணித் தொட்டி எல்லாத்தையும் பாப்பேன்.”

ஷகீலின் விரல்கள் நின்றன. “இந்தக் காலத்துல எவருண்ணே வாடகைக்கு நடையா நடக்குறாரு? புள்ளத்தாச்சிப் பொண்ணு. அரிசி டப்பா வரைக்கும் சோதன போட்டா எப்புடி?”

“என் வீடு. நான் பாப்பேன்.”

“மொதநாளே தகவல் சொல்லிட்டு வருவாருன்னாச்சும் சேக்கவா?”

“வேணாம். நான் சொன்னத மட்டும் எழுதுங்க.”

ஷகீல் எழில்மதியின் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்ற? புடிக்கலன்னா இப்பவே சொல்லிடு. நாளைக்கு எங்கிட்ட வந்து அழக் கூடாது.”

அவள் கண்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. முந்தானையால் அவற்றை ஒற்றிக்கொண்டு, “எல்லாத்துக்கும் சம்மதங்க” என்றாள்.

அச்சாகி வந்த முத்திரைத்தாளைச் செல்லையன் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். எந்த வரியிலும் இரக்கத்தின் சாயல் இல்லை என்பது உறுதியானதும் அவர் முகம் தெளிந்தது. சாட்சியாகக் கையெழுத்திட்டுவிட்டு எழுந்தார்.

“பதினோரு மாசம். அதுக்கு மேல ஒரு நாளு ஓடுனாலும் பஞ்சாயத்துல பேசிக்குவோம். நான் வண்டிய எடுக்குறேன் அரசப்பா, வெரசா வா” என்று வெளியேறினார்.

அரசப்பன் கையெழுத்திட்டார். வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவர் அவளை நேராகப் பார்த்திருக்கவில்லை; இப்போதும் பேனாவை மேசையின் மேலேயே அவள் பக்கம் தள்ளிவைத்தார். “நல்ல வீட்டுக்காரருய்யா” என்று முணுமுணுத்தபடி ஷகீல் நகலெடுக்கும் இயந்திரத்தை முடுக்கத் திரும்பிக்கொண்டார்.

எழில்மதி தன் பெயரை எழுதினாள். பிறகு ஐந்தாவது நிபந்தனையை மட்டும் மறுபடியும் படித்தாள். வாசலில் செல்லையனின் வண்டி உறுமும் வரை காத்திருந்து, அந்த ஓசையின் மறைவில், மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“வர்றப்ப அம்மாவையும் கூட்டியாருவியாப்பா?”