கட்டாரிக்குப் பல்வலி

ஜெயில்லேர்ந்து வெளியே வந்த கட்டாரி நேரா வந்து நின்ன இடம் பல் டாக்டர் கிளினிக்.

பேரே கட்டாரி. அவனை உள்ளே தள்ளினதே இந்த டாக்டர்தான். நகைக்கடைக் காவலாளி கையைக் கடிச்சிட்டு ஓடின திருடன் யாருன்னு கோர்ட்டுல கேட்டப்ப, கடிச்ச தடத்துல கீழ்க் கோரைப்பல் ஒண்ணு இல்ல, இந்த ஆளுக்கும் அது இல்லன்னு புட்டுப் புட்டு வெச்சார். வெளிய வந்ததும் உன் கதையை முடிக்கிறேன்னு கட்டாரி கூண்டுல நின்னே கத்தினான்.

இப்ப இடுப்புல கத்தி இருக்கு. ஆனா கன்னம் பந்து மாதிரி வீங்கியிருக்கு.

"முதல்ல பல்லைப் பாரு. அப்புறம் உன்னைப் பாத்துக்கறேன்."

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கடவாப்பல், வேர் வரைக்கும் சொத்தை. ஒரே நாள்ல முடியாதுன்னார். அது நிஜமும்கூட. சரி, வலி நின்னப்புறம் கொலையை வெச்சுக்கலாம்னு கட்டாரியும் ஒத்துக்கிட்டான்.

முன்னால சீட்டு எழுதற டாக்டர் மனைவி, புருஷனைத் தனியா இழுத்துட்டுப் போனாங்க.

"தோண்டிக்கிட்டே இருங்க. பல்லை அடைச்சீங்கன்னா அன்னிக்கே நீங்களும் குளோஸ்."

வாரா வாரம் வந்தான். டாக்டர் மருந்து வெச்சு, ஒப்புக்கு அடைச்சு, அடுத்த வாரம் வரச் சொல்லுவார். வேலை தர ஆளில்ல, பேசவும் ஆளில்லன்னு கட்டாரி வாயில பஞ்சோடவே புலம்புவான். பாதி புரியாது. டாக்டர் பாவம், எல்லாத்துக்கும் தலையாட்டுவார். கத்தி மட்டும் இடுப்பை விட்டு இறங்கல.

கடைசியில டாக்டருக்கே மனசு கேக்கல. இன்னும் இழுத்தா அவன் பல்லு போயிடும்னு மனைவிகிட்ட சொல்லிட்டு, நல்லா அடைச்சு, உறை மாட்டி, அம்சமா முடிச்சிட்டார். மனைவி கதவோரமா நின்னு அழுதாங்க.

"முடிஞ்சுதுப்பா. இனிமே வலிக்காது. நீ வர வேண்டியதில்ல."

சொல்லிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கிட்டார்.

கட்டாரி கண்ணாடியில வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கை இடுப்புக்குப் போச்சு. பெல்ட்டை இறுக்கிக்கிட்டான்.

"அடுத்த வாரமும் வரேன் டாக்டர். கீழ ஒரு பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. சரியாக ரொம்ப நாளாகும் போல."

டாக்டர் கண்ணைத் திறந்து, லைட்டைத் திருப்பி, அவன் விரல் வெச்ச இடத்தைப் பார்த்தார்.

பல்லே இல்ல, வெறும் ஈறு. கோர்ட்டுல இல்லவே இல்லன்னு அவர் சத்தியம் பண்ணிச் சொன்ன அதே கோரைப்பல்லோட இடம்.