மெதுவாகத் தோற்க ஒரு வழி

"எனக்குச் சீட்டாடக் கத்துக்கொடுங்க, சார்."

கால்சட்டையின் உயரத்தைக் குறைக்கக் கொடுக்க வந்த மாடி வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் சிரித்துவிட்டார்.

"ரம்மியா?"

"பிளாக்ஜாக். கேசினோவுல ஆடறாங்களே, அது."

சிரிப்பு நின்றது. டெய்லரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து பல வருஷம். மூன்று வருஷமாக அவர் பார்க்கிறார், தையல் மிஷினை விட்டால் வேறு உலகம் தெரியாத ஒண்டிக்கட்டை.

"இந்த வயசுல எதுக்கு இது?"

"ரெண்டு மாசமா போயிட்டுத்தான் இருக்கேன். வியாழக்கிழமை கடைக்கு லீவு இல்லையா, அன்னிக்கு மத்தியானம். ஒரு சட்டை தைச்ச கூலியோட போவேன். உட்கார்ந்த பத்து நிமிஷத்துல துடைச்சு அனுப்பிடறாங்க."

"இன்னிக்கு ஒரு சட்டை. நாளைக்கு மிஷினே போயிடும்."

"அதுக்குத்தான் ஒழுங்கா கத்துக்கணும்ங்கறேன்."

மறுத்துவிடத்தான் நினைத்தார். ஆனால் கணக்கைக் காட்டினால் தானாகத் தெளிவாள் என்று தோன்றியது. மாடியிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வந்து, துணி வெட்டும் மேசையில் பரப்பினார்.

"இருபத்தொண்ணுக்குப் பக்கத்துல போகணும், தாண்டக்கூடாது. சீட்டுப் போடற டீலரைவிட நம்மகிட்ட அதிகம் இருந்தா ஜெயிப்பு. டீலர் ஒரு சீட்டைத் திறந்து வைப்பாங்க. அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்."

"என் கையைப் பார்த்து இல்லையா?"

"ரெண்டையும் பார்த்து. உங்களுக்குப் பன்னெண்டு, அவங்களுக்கு நாலுன்னா நில்லுங்க. அவங்க தாண்டிப் போக வாய்ப்பு இருக்கு. உங்களுக்குப் பதினாறு, அவங்களுக்குப் பத்துன்னா பயமா இருந்தாலும் இன்னொண்ணு வாங்குங்க. ரெண்டு எட்டு வந்தா பிரிச்சு ஆடுங்க."

அவள் அளவெடுக்கும் பழுப்புக் காகிதத்தில் எல்லாவற்றையும் கட்டம் கட்டி எழுதிக்கொண்டாள். நாலு வாரம் அதுவே கதி. மத்தியான வெயிலில் நூல்தூசி மிதக்கும். மிதிகட்டையின் தாளத்துக்கு அவள் முணுமுணுப்பாள். "பதினாறு, பத்து... வாங்கு. பன்னெண்டு, நாலு... நில்லு." மாடியில் கண்ணயரும் வாத்தியாருக்கு, யாரோ எங்கோ தொட்டில் ஆட்டுவதுபோல் கேட்கும்.

பாடம் முடிந்த அன்று அவர் உண்மையைப் போட்டு உடைத்தார்.

"ஒரு தப்பு இல்லாம ஆடினாலும் கடைசியில கேசினோதான் ஜெயிக்கும். இது ஜெயிக்கற வழி இல்ல, டெய்லரம்மா. மெதுவா தோக்கற வழி. அவ்வளவுதான்."

முகம் வாடும் என்று பார்த்தார். மலர்ந்தது.

"எவ்வளவு மெதுவா?"

"சின்னச் சின்னதா ஆடினா... ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம்."

"போதும் சார். அது போதும்."

சூது இவள் புத்தியைக் கெடுத்துவிட்டது என்றே அவர் முடிவு கட்டினார். அந்த வியாழக்கிழமை தானும் கூடவே கிளம்பினார், கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவது என்று.

உள்ளே ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. காலடிச் சத்தத்தைக் கம்பளம் விழுங்கியது. தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. காலியாகக் கிடந்த மூன்று மேசைகளைத் தாண்டிப் போன டெய்லரம்மா, ஆட்கள் நிறைந்திருந்த ஒரு மேசைக்குப் பக்கத்தில் நின்று, இடம் கிடைக்கும்வரை காத்திருந்து உட்கார்ந்தாள்.

சீட்டுப் போட்டது ஓர் இளம்பெண். கறுப்புக் கோட்டு, இழுத்துக் கட்டிய தலைமுடி. முகத்தில் சிரிப்பு இல்லை.

டெய்லரம்மாவுக்குப் பதினாறு. அந்தப் பக்கம் பத்து.

"இன்னொரு சீட்டு வேணுமா?"

டெய்லரம்மாவின் விரல் பச்சைத் துணியை மெல்லத் தட்டியது. ஐந்து வந்தது.

கொஞ்சம் போனது, கொஞ்சம் திரும்பி வந்தது. சீட்டுகள் வழுக்கிக்கொண்டு வந்தன, போயின. எதற்காக வந்தோம் என்பதே வாத்தியாருக்கு மறந்துபோனது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவதுபோல் நின்றார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். ஓர் ஆள் வந்து அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டான். எதையும் எடுக்கவில்லை என்று அவள் வெறும் கைகளை விரித்துக் காட்டிவிட்டு நகர்ந்தாள். டெய்லரம்மாவும் எழுந்துவிட்டாள்.

"இப்பத்தானே கை நல்லா வர ஆரம்பிச்சுது. ஏன் எந்திரிச்சீங்க?"

"ஆள் மாறிட்டாங்களே."

"யார் போட்டா என்ன?"

வாசல் பக்கம் வந்ததும் டெய்லரம்மா திரும்பினாள்.

"அது என் பொண்ணு, சார்."

வாத்தியார் நின்றுவிட்டார்.

"நாலு வருஷம் முன்னாடி இந்த வேலைக்குச் சேர்ந்தா. சூதாட்டக் காசுல திங்கறவ என் வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். மிதிக்கல. போன் பண்ணினாலும் எடுக்கறதில்ல. இங்க சும்மா உட்கார விடமாட்டாங்க, காசு இருக்கற வரைக்கும்தான் நாற்காலி. அது வரைக்கும் எதிர்ல நிப்பா. 'சீட்டு வேணுமா'ன்னு என்னைக் கேட்டுத்தான் ஆகணும்."

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

உள்ளே போகும்போது ஒப்படைத்த பையைத் திரும்ப வாங்க வாத்தியார் கவுண்டரில் நின்றார். அங்கிருந்த பெண் பையை நீட்டியபடி, டெய்லரம்மா போன திசையைப் பார்த்தாள்.

"அவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"நான் அவங்க மாடியில குடியிருக்கேன்."

"அவங்க பொண்ணும் நானும் ஒரே ரூம்லதான் இருக்கோம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் அவளுக்கு வியாழக்கிழமை வார லீவுன்னு போட்டாங்க, சார். வேற எந்த நாள் வேணா கொடுங்க, வியாழக்கிழமை மட்டும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா."