நடுவில் இரண்டு இலக்கம்

விடை 4386 என்று சோலைமலைக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.

ஆனாலும் பென்சிலைக் கடித்துக்கொண்டு விறாந்தைக் கூரையைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தான். இந்த முழி முழிப்பதில் அவன் கைதேர்ந்தவன்.

கண்டியில் கணக்கியல் படிக்க வேண்டுமென்றால் கல்லூரியில் நுழைவுப் பரீட்சை வைப்பார்கள். பக்க நீளத்துக்குக் கூட்டல், சதவீதம், ஆங்கிலத்தில் ஒரு கடிதம். தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களை மேய்க்கும் தலைக் கங்காணியின் மகனான அவனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க, எஸ்.எஸ்.சி. பாஸான பூரணி சாயங்காலங்களில் வந்துபோனாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரின் மகள். அவன் வயதுதான்.

முதல் வாரமே சோலைமலைக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. பூரணியையும் பிடித்துவிட்டது.

தேறிவிட்டால் அவள் வருவது நின்றுவிடுமே. ஆகவே சரியான விடையைக் கண்டுபிடித்து, நடுவில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிடுவான். அவள் சிவப்புப் பென்சிலால் கோடு கிழித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். அவன் வெட்கமே இல்லாமல் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பான்.

இந்த வருடப் பரீட்சைக்கு அவனை அனுப்பலாமா வேண்டாமா என்று பூரணி இன்று சொல்லியாக வேண்டும். அவனும் வழக்கம்போல 4836 என்றுதான் எழுதியிருப்பான், காலையில் அம்மா பேச்சியம்மா பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழாமல் இருந்திருந்தால்.

"அந்தப் புள்ளைக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல போல. எம்மவன் நல்லாத்தான் இருந்தான்."

சுருக்கென்றது அவனுக்கு. தன்னால் அவள் பேர் கெடுவதா? கண்டிக்கே போய்த் தொலைவோம் என்று முடிவெடுத்தான்.

4386. எழுதிக் கொடுத்தபோது அழுகை வந்துவிடும்போல இருந்தது.

பூரணி விடையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போயிற்று.

வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா கையை நிறுத்தினாள்.

"என்னா புள்ள, இந்த வாட்டியாவது தேறுவானா?"

பூரணி ரப்பரை எடுத்து, நடுவிலிருந்த மூன்றையும் எட்டையும் அழித்தாள். தூளை ஊதிவிட்டாள். அந்த இடத்தில் எட்டையும் மூன்றையும் அவன் கையெழுத்திலேயே எழுதி, சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள்.

"இல்லீங்கம்மா. அடுத்த வருசந்தான் பாக்கணும்."