நான்கு எலுமிச்சம்பழம்

சொந்த இஷ்டப்படி கார் ஓட்டுவதற்கு அரசாங்கம் வைத்த விலை, கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய். எல்லாக் கார்களும் தாமாகவே ஓடும் ஊரில், கியர் போட்டுக் கையால் ஓட்டுகிறவர்கள் கட்டும் வரி அது. பருப்பு வியாபாரி செண்பகவள்ளி முனகாமல் கட்டினாள்.

"காசைக் கரியாக்குறீங்க மதினி," என்பான் கொழுந்தன் தனபால். தானே ஓடும் அவனுடைய புதுக் காரின் முதல் ஓட்டமே செண்பகவள்ளியின் மகளை மணமேடைக்குக் கொண்டுபோவதுதான். முகூர்த்தம் முடிய அரைமணி நேரம் இருந்தது. பூசாரி வழக்கப்படி நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"பாதையில் தடை உள்ளது. நகர இயலாது," என்றது கார்.

"அது எலுமிச்சம்பழம் தாயி," என்று தனபால் கெஞ்சினான். கார் மன்னிப்புக் கேட்டதே தவிர அசையவில்லை. வைத்த பழத்தை நசுக்காமல் எடுத்தால் அபசகுனம் என்று பூசாரி கையைக் கட்டிக்கொண்டார்.

"ரொம்ப ஒழுக்கமான காரு, தம்பி. பத்திரமா வச்சிக்கிடுங்க," என்று செண்பகவள்ளி மகளைத் தன் காரில் ஏற்றினாள். "சாமி, எனக்கும் நாலு பழம் வைங்க."

கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டாள். நான்கும் நசுங்கின. தாலி ஏறியபோது முகூர்த்தத்தில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தது.

பன்னிரண்டு கிலோமீட்டருக்கு வரி நூற்றெட்டு ரூபாய், கட்டியாயிற்று. தனபாலின் கார் நசுக்க வேண்டிய எலுமிச்சம்பழம் நான்கு, பாக்கி நான்கு.