ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு

"கருமம், கருமம்! கல்யாணம் ஆகாத புள்ளைங்க பசங்க தோள்ல கையப் போட்டுக்கிட்டு... இதையெல்லாம் ஊட்டுக்குள்ள உட்டுட்டாங்களே!"

டி.வி.யைப் பார்த்துக் கத்தினாள் வேலாத்தாள். லைன் வீடுகளின் சொந்தக்காரி. அவள் வீட்டில் மட்டும்தான் கேபிள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிகளுக்கு லீவு. அதனால் சாயங்காலமானால் குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் அங்கே கூடிவிடுவார்கள்.

மெட்ராஸில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் நாலைந்து இளவட்டங்கள் காதலிப்பதும், சண்டை போடுவதும், ஆள் மாற்றிக் காதலிப்பதும்தான் அந்தத் தொடர். பாதிப் பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மீதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டே பார்ப்பார்கள். வேலாத்தாள், திட்டுவதற்காகவே ஒரு நிமிஷம் விடாமல் பார்ப்பாள்.

"சவுண்டயாவது கொறைங்க. தெருவுல போறவங்க என்ன நெனப்பாங்க?"

"சும்மா இருங்க வீட்டுக்காரம்மா," என்று சிரித்தார் சோணைமுத்து. "சின்னஞ்சிறுசுக. புடிச்சவனக் கட்டிக்கிட்டு நல்லா இருந்துட்டுப் போகட்டுமே. நமக்கென்ன நட்டம்?"

பக்கத்தில் இருந்த அவர் மகள் முத்துப்பேச்சி டி.வி.யைப் பார்க்கவில்லை. மூன்று மாதமாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் முகத்தைத்தான்.

கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் டைலர் அழகுமலையை அவளுக்குப் பிடித்திருந்தது. வேறு சாதி. அம்மா போன பிறகு அவளுக்கு இருப்பது அப்பா ஒருவர்தான். "எங்கப்பா சரின்னு சொல்லாம எனக்குத் தாலி வேணாம்" என்று அழகுமலையிடம் தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

அப்பா இப்படிச் சிரிக்கச் சிரிக்க அவளுக்குத் தைரியம் வந்தது. பயமெல்லாம் வேலாத்தாள் மேல்தான். குடிவைக்கும்போது பூட்டையும் அவளே கொடுப்பாள். ஒரு சாவி குடியிருப்பவருக்கு, மறுசாவி அவள் இடுப்பில். அப்படிப்பட்டவள்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் சொல்லிவிட்டாள்.

"அப்பா, எனக்கு ஒருத்தரப் புடிச்சிருக்குப்பா."

அப்பாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. "யாருத்தா?"

பெயரைச் சொன்னாள்.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. பிறகு எங்கெங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "அழகுமலையா? அவன் என்ன சனம், நாம என்ன சனம்?" என்ற கத்தல் அத்தனை வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஒருத்தரும் வரவில்லை.

"நீதானப்பா சொன்ன... புடிச்சவனக் கட்டிக்கிட்டு..."

"அது டி.வி.யிலடி!"

மறுநாள் கதவில் வேப்பிலை தொங்கியது. மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று கம்பெனியிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனார் சோணைமுத்து. அம்மை என்றால் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? அடுத்த வாரம் புதன்கிழமை ஊரில் கல்யாணம். பெண்டாட்டியைப் பறிகொடுத்த தாய்மாமன்தான் மாப்பிள்ளை.

ஞாயிறு மதியம் பழக்கதோஷத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தாளித்தார். வாசலில் வேலாத்தாளின் குரல் கேட்டது.

"ஏனுங்க சோணமுத்து, அம்மை போட்ட ஊட்டுல தாளிக்கிற வாசம் வருதுங்களே?"

"பக்கத்து வீட்டுலருந்து வருதும்மா."

"அப்படீங்களா."

உள்ளே முத்துப்பேச்சியின் காதில் அது விழுந்தது. போச்சு. இனி இந்தப் பொம்பளை ஊர் முழுக்க நாறடித்துவிடுவாள்.

சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டு அப்பா டி.வி. பார்க்கப் போனார். அம்மை வீட்டுக்காரர் என்பதால் கூட்டத்தில் சேராமல் வேலாத்தாள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். தொடரின் பாட்டு கேட்டது. முத்துப்பேச்சி தரையில் சுருண்டு கிடந்தாள். அழகுமலைகூட வேண்டாம், அப்பா பழையபடி ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று தோன்றியது. ஒரு வாரமாக அதுவும் இல்லை.

திடீரென்று டி.வி. சத்தம் எகிறியது.

"என்னக்கா, நீங்களே சவுண்டக் கூட்டுறீங்க?" அடுத்த வீட்டு ஜுபைதாவின் குரல்.

"பின்னால அடுப்புல வேல கெடக்குது கண்ணு. அங்கிருந்தாலும் எனக்குக் கேக்கோணுமில்ல?"

தொடர் வேலாத்தாளையே மயக்கிவிட்டதே என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கையில் மறுசாவியோடு வேலாத்தாள் நின்றிருந்தாள்.

"எந்திரி கண்ணு. அம்மை போட்ட புள்ளைய எவனாச்சும் பூட்டி வெப்பானா? பின்னால சந்து வழியாப் போ. அந்தப் பையன் முக்குல நிக்கறான். நாந்தான் வரச்சொன்னேன்."

"நீங்க... இதெல்லாம் கருமம்னு..."

"இப்பவும் கருமந்தான். அதுக்காவ பெத்த புள்ளைய அடிச்சுக் கொல்லோணுமா? நேரமாகுது, போ."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தில் நடந்தாள் முத்துப்பேச்சி. தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷம் துளியும் வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது இந்தச் சாவி இல்லை. அப்பாவின் 'சரி' என்கிற ஒரு சொல். இன்றைக்குப் போனால் செத்தாலும் அப்பா முகத்தில் விழிக்க முடியாது. அழுதுகொண்டே போனாள்.

டி.வி.யில் ஒரு பெண் தன் காதலனை அப்பாவிடம் கூட்டி வந்திருந்தாள். "உனக்குப் புடிச்சிருந்தா எனக்குச் சரிதாம்மா" என்றார் அந்த அப்பா. கூட்டம் கைதட்டியது.

அத்தனை சத்தத்துக்கு மேலே, தழுதழுத்துப் போன ஒரு குரல் சந்து வரைக்கும் கேட்டது. சோணைமுத்துவின் குரல்.

"பாத்தீகளாய்யா... பெத்தவன்னா இப்பிடில்ல இருக்கணும்!"