தொட்டியில் ஓர் உருண்டை

ஓடி ஓடித் தொடை நோகும்போது நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள், தீனியையா, படுக்கையையா?

ரேக்ளா வண்டியில் பூட்டும் செவலைக் காளை தீனியைத்தான் தேடியது. பந்தயத்துக்குப் பழக்கி ஓட்டிய சாயங்காலம், எசமான் பருத்திக்கொட்டையும் பேரீச்சையும் முட்டையும் பிசைந்து, ஜோடிக் காளைகளுக்குப் பொதுத் தொட்டியில் உருட்டிப் போட்டார். பின்னங்கால் நடுங்க நின்றபடியே செவலை தின்றது.

"படுத்து அசைபோடுடா. கால் ஆடுது பாரு," என்றது ஜோடியான மயிலைக் காளை.

"முட்டை உள்ளே போனா சதை தானா கூடிரும் அண்ணே."

"நேத்தும் இதைத்தான் சொன்னே. கூடுச்சா?"

செவலை மென்றுகொண்டே இருந்தது.

"எசமான் விடியக்காலம் நம்ம காலையா பாக்குறார்? தொட்டியைத்தான் பாக்குறார். காலியா இருந்தா ரெண்டும் தெம்பா இருக்குன்னு பூட்டிருவார். மிச்சம் கிடந்தா மேலுக்கு முடியலைன்னு விட்டுருவார். நேத்து நான் பாதியிலே வாயை எடுத்தது எதுக்குன்னு நெனச்சே?"

"உனக்குப் பசிக்கலைன்னு நெனச்சு நானே தின்னுட்டேன்."

"கால் ஒடிஞ்ச காளையை லாரியிலே எங்கே ஏத்திட்டுப் போவாங்கன்னு உனக்கே தெரியும்."

செவலை மெல்லுவதை நிறுத்தியது. தொட்டியின் மூலையில் ஒரே ஓர் உருண்டை கிடந்தது. பழக்கத்தில் நாக்கு அதை நோக்கி நீண்டது.

மயிலை தன் கழுத்தை அதன் கழுத்தோடு சாய்த்தது.

"அதை மட்டும் விட்டு வை, தம்பி."