மஸ்கட் விதை

வேரோடு பிடுங்கிய தக்காளிச் செடிகளைக் குழிக்குள் தள்ளச் சொல்லிவிட்டு, தோட்டக்கலை அலுவலர் மங்களாம்பிகையிடம் மறுபடியும் கேட்டார்.

"விதை எங்கேருந்து வந்துச்சு, சொல்லுங்கம்மா. இது நம்ம ஊரு நோயில்ல. பர்மிட் இல்லாம, சோதனை இல்லாம யாரோ வெளிநாட்டுலேருந்து கொண்டாந்திருக்காங்க."

பழங்களில் பழுப்புத் தழும்பு விழுந்திருந்தது. இலைகள் சுருங்கிக் கிடந்தன.

கொண்டுவந்தவன் அவள் அண்ணன் இளஞ்செழியன். மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது காலுறைக்குள் ஒளித்து எடுத்து வந்தான். விமான நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. உனக்காகத்தான் என்று சொல்லி அவள் உள்ளங்கையில் கொட்டினான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் போன பிறகு அவளுக்கென்று யாரும் எதுவும் கொண்டுவந்ததில்லை.

இப்போது அவன் தூரத்து வரப்பில் நின்றிருந்தான்.

"சந்தையில யாரோ ஒரு ஆளுகிட்ட வாங்கினேங்க" என்றாள்.

பக்கத்து வயல்காரர் வைரக்கண்ணுவின் செடிகளும் குழிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவருடையதில் காய் இன்னும் பச்சை. நோய் தொற்றியிருக்கும் என்று அதையும் விடவில்லை.

அவர் கத்தவில்லை. மெதுவாக நடந்து வந்து, அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனார்.

டீசல் ஊற்றிக் கொளுத்தினார்கள். கிருமி மண்ணிலேயே தங்கிவிடுமாம். நான் சொல்லும்வரை இங்கே தக்காளி, மிளகாய் எதுவும் போடக்கூடாது என்றார் அலுவலர். அவள் தலையாட்டினாள். ஆற்றுப் படுகையில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு துண்டு நிலம்தான்.

அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

புகை வரப்புப் பக்கம் திரும்பியது. அவனுக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. போர்செட்டில் ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டு அவனிடம் போனாள்.

அவன் முதுகைக் காட்டியபடி செல்போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நாம போட்டிருந்தா நம்ம வயலுதான் எரிஞ்சிருக்கும். அதுக்குத்தானே மொதல்ல இவ வயல்ல போட்டுப் பாப்போம்னு சொன்னேன்."

அவன் பேசி முடிக்கும்வரை அவள் சொம்போடு நின்றாள்.